ரத்தம் குடுத்தாச்சு, ரிசல்ட் எங்க?

நர்சிங் முடிச்சுட்டு கோத்தகிரி, கூடலூர் பக்கம் பழங்குடி ஊர்கள்ல ஹெல்த் வேலை பாக்குறேன். கீழ இருந்து ஆராய்ச்சின்னு யாரு மலையேறி வந்தாலும், ரத்தம் எடுக்குற டீமா இருக்கட்டும், பாட்டு ரெக்கார்ட் பண்ண வர்ற பிஎச்டி ஸ்டூடண்டா இருக்கட்டும், ஊருக்குள்ள கூட்டிட்டுப் போறதும் பேசிப் புரிய வைக்கிறதும் பாதி நேரம் என் தலையிலதான் விழும். அதனால இத நான்தான் எழுதணும்னு தோணுச்சு. வர்றவங்களுக்கும் சேத்து, இங்க படிச்சுட்டு இருக்குற நம்ம ஊரு பசங்களுக்கும் சேத்து.

தமிழ்நாட்டுல மிகவும் நலிவடைந்த பழங்குடின்னு அரசாங்கம் பட்டியல் போட்டிருக்குற ஆறு சமூகமும் நீலகிரியில இருக்காங்க: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். அப்ப ஆராய்ச்சிக்காரங்க கூட்டத்துக்கு கேக்கணுமா? 1901லயே ரிவர்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் வந்து தோடர்கிட்ட வம்சாவளி, சாமி சடங்கு, பால் மனைன்னு சொல்ற அவங்க எருமைப்பால் கோயில் முறைன்னு எல்லாத்தையும் கேட்டு எழுதி 1906ல பெரிய புத்தகமா போட்டாரு, மானிடவியல் படிக்கிறவங்க இன்னைக்கும் அத புரட்டாம இருக்க முடியாது. ஆனா அதுலயே அவரு எழுதுன ஒரு விஷயம் இருக்கு. அவருக்கு ரகசியம் சொன்னவங்க, புனிதமான எடத்த காட்டுனவங்க வீட்டுல அடுத்தடுத்து நோவு, சாவு, அசம்பாவிதம்னு நடந்துச்சு, வெளியாளுக்கு சொன்னதாலதான் சாமி கோவிச்சுருச்சுன்னு அவங்க குறி சொல்றவங்க சொல்லிட்டாங்க. சாமி கோவம்னு நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா புக்கு போட்டவருக்கு பேரு கெடச்சுச்சு, பேசுனவங்களுக்கு பயம்தான் மிச்சம், இத மட்டும் மறந்துறாதீங்க.

ரத்தத்துக்கு வருவோம். இந்தியாவுல சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற பரம்பரை நோய், இருக்குன்னு முதல்ல தெரிய வந்த எடங்கள்ல நம்ம நீலகிரியும் ஒண்ணு, 1952ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேரு இங்க உள்ள பழங்குடி ரத்தத்த பாத்துதான் எழுதுனாங்க. அவங்களுக்கு இருந்த பெரிய ஆர்வம் எந்த இனம் எங்கிருந்து வந்துச்சுங்குறதுல. நாடு முழுக்க சிக்கிள் செல்ல ஒழிக்கணும்னு மத்திய அரசு திட்டம் வந்தது 2023 ஜூலையில. நடுவுல 70 வருசத்துக்கு மேல. சும்மா சொல்லக்கூடாது, அதுக்குள்ளயே இங்க சில ஆஸ்பத்திரிக்காரங்க ஊரு ஊரா போய் டெஸ்ட் பண்ணி மருந்து குடுத்துட்டுதான் இருந்தாங்க. ஆனா ஆராய்ச்சிப் பேப்பர் எழுதுன வேகத்துல டெஸ்ட் ரிசல்ட் கார்டு கைக்கு வரல.

அதனாலதான் குஞ்சப்பனை பக்கம் ஒரு பாட்டி கேட்ட கேள்வி எனக்கு ஆச்சரியமாவே இல்ல. டீம் வந்து டேபிள் போட்டாச்சு, நாலு பக்கம் ஃபாரம், "தாங்கள் தன்னிச்சையாக இவ்வாய்வில் பங்கேற்க இசைகின்றீர்களா"ன்னு தமிழ்லதான் இருக்கு, வீட்டுல இருளமொழி பேசுற பாட்டிக்கு அது கோர்ட் நோட்டீஸ் வாசிக்கிற மாதிரிதான் கேட்டிருக்கும். படிச்சு முடிச்சதும் இங்க் பேட நீட்டுறாங்க. பாட்டி கட்டவிரல மடக்கிக்கிட்டு, "போன தடவ எடுத்துட்டுப் போனீங்களே, அது என்னாச்சு? அத சொல்லிட்டு இத எடு"ன்னுச்சு. டீம்ல ஒருத்தரு வாயும் தெறக்கல, ஏன்னா போன தடவ வந்தது யாருன்னே அவங்களுக்கு தெரியாது, வேற காலேஜ்.

பாட்டி கேட்டது நியாயமாத்தான் கேட்டுச்சு. ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017ல போட்ட நெறிமுறையில தெளிவா இருக்கு: புரியிற பாஷையில சொல்லணும், படிக்கத் தெரியாதவங்கன்னா டீமுக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும், ஃபாரத்துல ஒரு காப்பி அவங்க கையில குடுக்கணும், எப்ப வேணா விலகிக்கலாம், விலகுனா கெடைக்கிற வைத்தியம் நிக்காது. ஆய்வு முறையா நடக்குதான்னு பாக்குற எதிக்ஸ் கமிட்டி போன் நம்பர் அதுல இருக்கணும், இல்லாத ஃபாரத்துல கைநாட்டு வைக்காதீங்க. குழந்தைன்னா அம்மா அப்பா சம்மதம் மட்டும் பத்தாது, 7 வயசு தாண்டுனா அந்தப் பிள்ளைகிட்டயும் சரியான்னு கேக்கணும்.

உண்டு உறைவிடப் பள்ளிக்கூடத்துக்கு நேரா போய் ஹெட்மாஸ்டர்கிட்ட ஒரே கையெழுத்துல மொத்த பிள்ளைங்களுக்கும் வாங்கிடலாம்னு இப்பவும் கேக்குறாங்க. 2009ல, அப்ப ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துல, கர்ப்பப்பை வாய் புற்றுநோய தடுக்குற எச்பிவி தடுப்பூசி ஆய்வுல அதான் நடந்துச்சு, நிறைய பழங்குடிப் பொண்ணுங்க, விசாரணையில பாத்தா 9,543 ஃபாரத்துல 2,763ல ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து. 2010ல ஆய்வையே நிறுத்தி, அப்புறம் பார்லிமெண்ட் கமிட்டி வரைக்கும் போச்சு. தடுப்பூசி நல்லதா கெட்டதாங்குறது வேற, நல்லதுதான், நானே சொல்லுவேன் போடுங்கன்னு. யாரு பிள்ளைக்கு யாரு கையெழுத்து போடுறதுங்குறதுதான் இங்க விஷயம்.

எடுத்த ரத்தத்த வேற ஆராய்ச்சிக்கு வச்சுக்குவீங்களான்னும் கேளுங்க. அமெரிக்காவுல ஹவாசுபாய்னு ஒரு பழங்குடி, சுகர் ஆராய்ச்சின்னு 1990ல இருந்து ரத்தம் குடுத்தாங்க, பின்னாடி பாத்தா மனநோய், பூர்வீகம்னு என்னென்னவோ பண்ணியிருக்காங்க, கேஸ் போட்டு 2010ல யுனிவர்சிட்டி 7 லட்சம் டாலரும் குடுத்து மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் குடுத்துச்சு.

ஊசியே இல்ல, நாங்க ஆர்ட்ஸ், பேட்டி மட்டும்தான்னு சொல்றவங்கதான் எனக்கு ரொம்ப கஷ்டம். பச்சிலை எது, எந்தக் கிழங்கு எந்த மாசம்னு ஒரு பெரியவர் உங்ககிட்ட சொல்லி அது தீசிஸ்ல ஏறிட்டா எவன் வேணா எடுத்துக்கலாம். அகத்தியமலை காணிக்காரங்க, அவங்களும் பழங்குடிதான், 1987ல ஆரோக்கியபச்சைங்குற மூலிகைய ஆராய்ச்சிக்காரங்களுக்கு காட்டிக் குடுத்தாங்க, அதுல செஞ்ச மருந்த தயாரிக்கிற உரிமை ஒரு கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போச்சு, அங்க லைசென்ஸ் பணத்துலயும் ராயல்டியிலயும் பாதி காணிக்காரங்களுக்குன்னு ஒப்பந்தம் இருந்துச்சு. அதுலயே ஆயிரம் சண்டை. ஒப்பந்தமே இல்லாம எழுதிட்டுப் போறத நெனச்சுப் பாருங்க. 2006 வன உரிமைச் சட்டத்துலயே பாரம்பரிய அறிவு சமூகத்தோட உரிமைன்னு எழுதியிருக்கு, இத நம்ம கிராமசபையில எத்தனை பேருக்கு தெரியும்?

வர்றவங்களுக்கு இன்னொண்ணு, காலையில பத்து மணிக்கு வந்து உக்காந்தா யாரும் இருக்க மாட்டாங்க, தேயிலை பறிக்கப் போயிருப்பாங்க, நிறுத்தி வச்சு பேசுனீங்கன்னா அன்னைக்கு கூலி போச்சு, அத குடுங்க, அது லஞ்சம் இல்ல. உங்களுக்கு வீடு வரும் ஸ்கீம் வரும்னு மட்டும் வாய் விடாதீங்க, அடுத்த வாரம் அவங்க என்னத்தான் கேப்பாங்க.

திரும்பி வர்றவங்க இல்லாம இல்ல. காட்டுல கெடைக்கிற சாப்பாட்ட பத்தி எழுதுன ஒரு பொண்ணு, தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே ஏ4 பேப்பர்ல போட்டோவா ஒட்டி எடுத்துட்டு வந்து, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் டீக்கடை ஓரம் விரிச்சு வச்சு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டுச்சு. ஒரு மணி நேரம் ஒரே ரகளை. "இந்தக் கிழங்க நாங்க எங்க தின்னோம், அது பன்னி தோண்டித் திங்குறது, எவன் உனக்கு சொன்னான்?"னு பொம்பளைங்க எல்லாம் அவங்கூருப் பையன் ஒருத்தன திரும்பிப் பாக்குறாங்க, அவன் பைக்க எடுத்துட்டு கெளம்பிட்டான். அந்தப் பொண்ணு அங்கயே பேனாவால ரெண்டு வரிய அடிச்சுட்டு, எந்தக் கிழங்குன்னு திருப்பிக் கேட்டு எழுதிக்கிச்சு.