செங்கருவாலி: ‘ரெட் ஓக்’ மரத்துக்குத் தமிழ்ப் பெயர்

நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் ‘சில்வர் ஓக்’கைப் பார்த்துப் பழகியவர்கள், ஓக் நமக்குத் தெரிந்த மரம்தானே என்பார்கள். அது ஓக்கே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அசல் ஓக்குக்குத் தமிழில் கருவாலி என்று பெயர். பழைய தமிழ் வேதாகமத்தில் ‘கர்வாலி மரம்’ என்று வரும். தாவீது அரசனின் மகன் அப்சலோமின் தலை மாட்டிக்கொண்டது அதில்தான். அப்படியென்றால் ரெட் ஓக்? செங்கருவாலி. சிவப்பும் கருப்பும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்கிறதே எனலாம். செங்கருங்காலி என்ற மரப்பெயரை ஏற்றுக்கொண்ட நாக்குக்கு இதுவும் பழகிவிடும்.

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயர் குவெர்கஸ் ரூப்ரா. லத்தீனில் குவெர்கஸ் என்றால் ஓக், ரூப்ரா என்றால் சிவந்தது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் இதற்குத் தாய்மண். நியூ ஜெர்சியின் மாநில மரமும் இதுவே. இலையுதிர்காலத்தில் இலை சிவக்கும், அறுத்த பலகையிலும் லேசான செம்மை தெரியும்.

ஆனால் நிறத்தை நம்பி மரம் வாங்கக் கூடாது. பாலிஷ் போட்டுவிட்டால் செங்கருவாலியும் வெண்கருவாலியும் (ஒயிட் ஓக்) ஒன்றுபோலத்தான் இருக்கும். அடையாளம் துளையில் இருக்கிறது. விரல் நீளத்துக்கு, இழை நெடுக்காக ஓடும் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதிப் பாருங்கள். செங்கருவாலி என்றால் குமிழி கிளம்பும். வெண்கருவாலியில் அந்தத் துளைகளெல்லாம் அடைபட்டிருக்கும். விஸ்கி பீப்பாய்க்கு அதைத் தேடுவதும் அதனால்தான். செங்கருவாலியில் பீப்பாய் செய்தால் சரக்கு கசிந்துவிடும்.

இந்தக் குறையே ரயில்வே ஸ்லீப்பர் கட்டைக்கு வசதியாகிவிட்டது. துளை திறந்திருப்பதால் மரம் மக்காமல் காக்கும் கிரியோசோட் எண்ணெய் நன்றாக உள்ளே இறங்கும். மற்றபடி தரைப்பலகை, மாடிப்படி, சமையலறை அலமாரி, மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடான வெனீர் என்று வீட்டுக்குள் போகும் மரம் இது. மழையில் அப்படியே விட்டால் உளுத்துப்போகும். ஈரத்தில் இரும்பு ஆணி பட்டால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்ந்து கருநீலக் கறை பிடிக்கும்.

எழுதும்போது செங்கருவாலி என்றே எழுதலாம். மரக்கடையில் மட்டும் ‘ரெட் ஓக்’ என்றே கேளுங்கள். செங்கருவாலி என்றால் கருங்காலியைக் காட்டினாலும் காட்டிவிடுவார்கள்.