9.2 பெரிதா, 165 பெரிதா?

கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்திக்குப் போன ஆண்டு வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 9.2 என்று வந்தது. அன்றிரவே வாட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "எனக்கு 165 எண்டு டொக்டர் ஏசுறார், உனக்கு வெறும் ஒன்பதுதானே, ஏன் பயப்படுறாய்" என்று பெரியம்மா ஆறுதல் சொல்ல, டாக்டர் நீரிழிவுக்கு எழுதிக் கொடுத்த மெட்ஃபோர்மின் குளுசைகளை (மாத்திரைகளை) சித்தி அலமாரிக்குள் வைத்துவிட்டார். மூன்று மாதம் அது அங்கேயே கிடந்தது.

உண்மையில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு சீனிதான். இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று எடையைச் சொல்வார்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று சொல்வார்கள், மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு. ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம், ஒரு லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர், ஆகவே கனடா எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர் எண் வந்துவிடும். 9.2ஐப் பெருக்கிப் பாருங்கள், 165.6. வெறும் வயிற்றில் நீரிழிவுக்கான எல்லை இங்கே 7.0, அங்கே 126. இருவருமே அதைத் தாண்டியிருந்தார்கள்.

சித்தி ஊரில் கடையில் கணக்கு எழுதியவர், எண்களுக்குப் பயப்படுகிறவர் இல்லை. சுகாதார எழுத்தறிவு என்றதும் படிக்காதவர்களுக்குப் பாடம் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஊரில் இருந்தவரைக்கும் எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேசிப் பேசியே தெரிந்திருக்கும். நாடு மாறும்போது அந்த அறிவு பழைய அலகிலேயே நின்றுவிடுகிறது.

இதில் ஏவன்சி (HbA1c) என்ற மூன்று மாதச் சோதனையும் சேர்ந்துகொள்கிறது. இரத்தத்தில் உள்ள சீனி, சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது பெரும்பாலும் கழலாது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, அதனால் எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சீனி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். சோதனைக்கு முன் இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் இருந்து நல்ல எண் வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது ஏவன்சியில் எடுபடாது. இதற்கு நீரிழிவின் எல்லை கனடாவில் 6.5 சதவீதம், பிரிட்டனில் அதையே வேறு அலகில் 48 என்று எழுதுகிறார்கள். லண்டன் மாமாவும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், "நான் மெல்லிசுதானே" என்ற நம்பிக்கை. தெற்காசிய உடல்களில் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேரும் போக்கு அதிகம், அது இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் நீரிழிவு வருவது இதனால்தான். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீட்டில் (BMI) 25 வரை சரி என்பது பொதுக் கணக்கு, ஆனால் ஆசிய மக்களுக்கு 23லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் சொல்லிவிட்டது. தராசைவிட இடுப்பை அளக்கும் நாடா நமக்கு உதவும்: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை.

துண்டுப் பிரசுரங்களைத் தமிழில் மொழிபெயர்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் பாஸ்தா படத்துக்குக் கீழே "முழுத்தானியம்" என்று எழுதினால் புட்டுச் சாப்பிடுகிறவருக்கு என்ன விளங்கும்? குரக்கன் (கேழ்வரகு) புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று சித்தி நம்பியிருந்தார், அதிலும் பெரும்பங்கு மாச்சத்துத்தான். தட்டில் பாதியைக் கீரையும் கத்தரிக்காயும் பாகற்காயும் பிடிக்க வேண்டும், புட்டு கால்வாசி போதும் என்று அவருடைய தட்டை வைத்தே காட்டியபோது சட்டென்று புரிந்தது. நம் உணவையும் நடையையும் வைத்தே நோயைத் தள்ளிப்போட முடியும் என்பதற்குச் சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2006இல் வெளியான ஆய்வு சான்று. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, உணவையும் நடமாட்டத்தையும் மாற்றத் தொடர்ந்து வழிகாட்டப்பட்ட குழுவில் 39 சதவீதமாகக் குறைந்தது.

எது மனதில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய முறை இருக்கிறது. "விளங்கிச்சுதா?" என்று கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்கு "ஓம்" என்பார்கள், அதோடு முடிந்தது. அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டுத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை மறுபடி விளக்கி, மறுபடி சொல்ல வைக்க வேண்டும். புரிந்ததா என்பது கேட்பவருக்கு வைக்கும் பரீட்சை இல்லை, சொன்னவர் சரியாகச் சொன்னாரா என்ற சோதனை.

சித்தியிடம் நான் அப்படித்தான் கேட்டேன். அவர் என்னிடம் சொல்லவில்லை, ஃபோனை எடுத்துப் பெரியம்மாவை அழைத்தார். "அக்கா, உன்ர 165உம் என்ர 9.2உம் ஒண்டுதான். நான் குளுசையைத் திரும்பத் தொடங்கிறன். நீ ஏவன்சி எடுத்தனியோ?"