கொக்டெயில்: சொல்லும் சேர்மானமும்

கொக்டெயில் (பெயர்ச்சொல்): வடித்தெடுத்த மது ஒன்றோடு புளிப்பு, இனிப்பு, கசப்பு ஆகியவற்றில் சிலவற்றை அளந்து சேர்த்து, ஐஸில் குளிரவைத்து அருந்துவது. பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் உல்லாசப் பயணிகளின் விடுதிகள் பெருகியபின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் நன்றாகவே பழகிவிட்ட சொல். தமிழில் எழுதும்போது ‘கலப்பு மது’, ‘மதுக்கலவை’ என்று போடுகிறார்கள். முதலாவது தவறான எண்ணத்தைத் தரும், இரண்டாவது எதையுமே சொல்லாது.

சொல்லின் பிறப்பு இன்றும் தீர்ந்த வழக்கல்ல. நேரே பெயர்த்தால் ‘சேவல் வால்’ என்று வரும்; அதனால் ஒரு பயனும் இல்லை. முன்னொரு காலத்து ஆங்கில வழக்கில் வால் நறுக்கிய குதிரையை இந்தப் பெயரால் அழைத்தார்கள். அத்தகைய குதிரைகள் பெரும்பாலும் தனி இரத்தமாக இல்லாமல் கலப்பினமாக இருந்தபடியால், கலந்த மதுவுக்கும் பெயர் தாவியது என்பது ஒரு விளக்கம். உறுதியாகக் கையில் இருப்பது 1806ஆம் ஆண்டின் வரைவிலக்கணம். நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நகரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, வாசகர் ஒருவரின் கேள்விக்குப் பதிலாக நான்கு பொருள்களைச் சொன்னது: ஏதாவதொரு வடிமது, சீனி, நீர், கசப்புச் சாறு. இன்றைய கொக்டெயில்களில் பல இந்த நான்கின் மாற்றுருவங்கள்தான். மதுவின் காட்டத்தை சீனி தணிக்கும், நீர் விரிக்கும், கசப்பு அடுத்த மிடறுக்கு நாக்கைத் துடைத்துவைக்கும்.

வீட்டில் தொடங்குவோருக்கு ஏற்ற அடிமது ஜின். அதன் பெயரில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ‘ஜின்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது நெருப்பால் படைக்கப்பட்ட, கண்ணுக்குப் புலப்படாத படைப்பு. அது ‘மறைதல்’ என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து வந்தது. குடிவகையான ஜின்னோ ஒல்லாந்தரின் ‘யெனேவர்’ என்ற சொல்லின் குறுக்கம். அதற்குப் பின்னால் பழைய பிரெஞ்சு, அதற்கும் பின்னால் ஜூனிப்பர் மரத்தின் லத்தீன் பெயர். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்தர்தாம். இரு சொற்களுக்கும் எழுத்தைத் தவிர வேறு உறவில்லை. ஆகவே ஒரு கட்டுரையில் முதல் தடவை வரும்போது ‘ஜின் மது’ என்று எழுதிவிடுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

ஜூனிப்பர்க் ‘காய்’ உண்மையில் காயல்ல, சதைப்பற்றுள்ள கூம்பு. அதன் பைன் வாசம் மேலோங்கியிருந்தால்தான் அது ஜின். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மதுசாரம் குறைந்தது 37.5 வீதம் இருக்க வேண்டும். ஜூனிப்பருக்கு அடுத்தபடியாக அதிகம் சேர்வது நம் வீட்டு மல்லிதான். தேசிக்காயோடும் இஞ்சியோடும் ஜின் இவ்வளவு இலகுவாக ஒத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் பிழை வருவது பெரும்பாலும் ஜின்னில் அல்ல, பாகில். ஆங்கிலச் செய்முறைகள் சொல்லும் ‘சிம்பிள் சிரப்’புக்கு நம்மிடம் ‘சீனிப்பாகு’ இருக்கிறது, ஆனால் நம் அடுப்படியில் பாகு என்றால் கம்பிப் பதம் வரை காய்ச்சியது. அந்தப் பாகு ஐஸில் பட்டதும் இறுகி அடியில் தங்கிவிடும். மேல் மிடறு புளிக்கும், கடைசி மிடறு தித்திக்கும். இதற்குத் தேவையானது பதம் பார்க்காத பாகு. 200 கிராம் சீனிக்கு 200 மில்லிலீற்றர் வெந்நீர். கரையும் வரை கலக்கினால் போதும், கொதிக்க வேண்டியதில்லை. ஆறியபின் சுத்தமான போத்தலில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் நிற்கும். மங்கினாலோ நுரைத்தாலோ கொட்டிவிடுங்கள். நேரம் மிச்சமென்று சீனியையே போடுவதும் சரிவராது. குளிர்ந்த மதுவில் அது கரையாமல் மணல்போல் பல்லில் நெறுநெறுக்கும்.

அளவுக்கு விலையான குவளை வேண்டாம். காய்ச்சல் பாணியோடு வரும், மில்லிலீற்றர் கோடு போட்ட சின்னக் கிண்ணம் மிகப் பொருத்தம். அதுவும் இல்லையென்றால் மேசைக்கரண்டி 15, தேக்கரண்டி 5. அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றுவதை மட்டும் விடுங்கள். புளிப்பு 5 மில்லிலீற்றர் கூடினாலே சுவை சாய்ந்துவிடும்.

கிம்லெட் என்ற கொக்டெயிலுக்கு ஜின் 60, தேசிச்சாறு 20, பாகு 20, இங்கும் இனியும் எல்லாம் மில்லிலீற்றரில். மூடி இறுகப் பொருந்தும் பெரிய ஜாம் போத்தலில் ஊற்றி, முக்கால் போத்தலுக்கு ஐஸ் போட்டு, 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்கி வடித்தெடுங்கள். குலுக்கும்போது ஐஸ் உருகிச் சேரும் நீர் மொத்த அளவில் ஏறத்தாழ கால்பங்கு வரும். அந்த நீரும் சேர்மானத்தில் ஒன்று. 1806இன் நான்கு பொருள்களில் நீர் நின்றது வீணாக அல்ல. பிரிட்ஜுக்கு வெளியே கிடந்து வேர்த்த ஐஸ் என்றால் நீர் கூடி எல்லாம் சப்பென்று போகும். தேசிக்காயை அன்றன்று பிழியுங்கள். தோல் நசுங்கும் வரை பிழிந்தால் கசப்பு இறங்கும்.

இதே சேர்மானத்தை நீட்டினால் கொலின்ஸ்: ஜின் 50, தேசிச்சாறு 25, பாகு 20, மேலே குளிர்ந்த சோடா 100. சோடாவை மட்டும் கடைசியில் கிளாஸிலேயே ஊற்ற வேண்டும். குலுக்கும் போத்தலுக்குள் ஊற்றினால் காற்று அமுக்கி மூடி பறக்கும், கண்ணில் படக்கூடும்.

ஜின் டொனிக்கில் குலுக்கலே கிடையாது. உயரமான கிளாஸை ஐஸால் விளிம்புவரை நிரப்பி, ஜின் 50, பிரிட்ஜில் வைத்த டொனிக் 150, ஒரு துண்டுத் தேசிக்காய், கரண்டியால் ஒரே சுற்று. ஐஸைக் குறைத்தால் நீர்க்காது என்பது பரவலான தவறு. குறைந்த ஐஸ்தான் விரைவாக உருகும், கல்லடி வெயிலில் இன்னும் விரைவாக. டொனிக் இல்லையென்று சோடாவை ஊற்றுவது வேறு பானம். டொனிக்கின் கசப்பு குயினைன். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த அதே சிங்கோனாப் பட்டைச் சத்து. அந்த மரத்தை வளர்க்கத்தான் 1861இல் ஹக்கலையில் தோட்டம் போட்டார்கள். இப்போது போத்தலில் இருப்பது மருந்தளவுக்கு மிகக் குறைவு, காய்ச்சலுக்குக் குடிக்காதீர்கள்.

இனித் தமிழ்ச்சொல். ‘கலப்பு’ என்றதும் நம் காதில் விழுவது கலப்படம். கசிப்பு எனும் கள்ளச்சாராயத்தில் எதையெதையோ கலந்து விற்கும் ஊர்களில் ‘கலப்பு மது’ என்பது எச்சரிக்கைப் பலகைபோல் ஒலிக்கும். ‘கலவை’ சீமெந்துக்கும் பொருந்தும். என் தெரிவு ‘விரவல்’. புறநானூற்றின் 24ஆம் பாடலில் பனங்குரும்பை நீரையும் கரும்பின் சாற்றையும் தாழைத் தீநீரையும், அதாவது இளநீரையும், ‘உடன் விராஅய்’ அருந்திவிட்டுக் கடலில் பாய்கிறார்கள். பலவற்றைச் சேர்த்து அருந்துவதற்கு ‘விரவு’ என்ற வினை அங்கேயே நிற்கிறது. இலக்கணம் படித்தவர்களுக்கு ‘விரவுப்பெயர்’ நினைவிருக்கும்: ‘சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது’ என்று இரு திணைக்கும் பொதுவாக நிற்பது, சேர்ந்தும் எந்தப் பக்கமும் அழிவதில்லை. நல்ல கொக்டெயிலும் அப்படித்தான்: ஜூனிப்பர் தெரிய வேண்டும், தேசிக்காய் தெரிய வேண்டும், எதுவும் எதையும் விழுங்கக்கூடாது. ஆகவே ஜின் விரவல், சாராய விரவல் எனலாம். செய்முறையில் ‘மிக்ஸ் பண்ணவும்’ என்று பொதுப்பட எழுதாமல் குலுக்கு, கலக்கு, ஊற்று என்று பிரித்தெழுதினால் பாதிப் பிழை குறையும். சாறும் பாகும் குலுக்கலுக்கு, மது மட்டும் என்றால் கலக்கலுக்கு, காற்றடைத்தவை ஊற்றலுக்கு.

புறநானூற்றின் அந்தப் பழைய சேர்மானத்தை நம் தென்னந்தோப்போடு பொருத்திப் பார்க்கலாம்: ஜின் 50, குளிர்ந்த செவ்விளநீர் 120, தேசிச்சாறு 10, ஒரு சிட்டிகை உப்பு, கிடைத்தால் இளநுங்கு ஒன்று பிசைந்து. பாகு வேண்டாம், செவ்விளநீரின் இனிப்பே போதும். வெட்டி அரைநாள் கிடந்த இளநீர் புளித்துவிடும், வெட்டிய உடனே சேருங்கள். 40 வீத ஜின் 50 மில்லிலீற்றரில் தனி மதுசாரம் 20 மில்லிலீற்றர் இருக்கிறது. இளநீர் காட்டத்தை மறைப்பதால் எண்ணிக்கை தப்பிவிடும், கிளாஸைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். அவர்களுக்கும் மது தொடாத வீடுகளுக்கும் ‘மொக்டெயில்’ என்பதை ‘மதுவிலா விரவல்’ என்று எழுதலாம். ஜின்னை விட்டு, தேசிச்சாற்றை 15 ஆக்கி, மல்லி விதை அரைத் தேக்கரண்டியை இடித்து வெந்நீரில் ஊறவைத்து ஆற வடித்த சாறு 30 சேர்த்தால் ஜின்னின் மணத்தில் ஒரு பங்கு அதில் வந்துவிடும்.