700 வாட் வெப்பம் எங்கே போகிறது? ரெடிமேட் கேமிங் பிசியை எடைபோடும் முறை

உயர்விலை ரெடிமேட் கேமிங் பிசியின் விளம்பரத்தில் மூன்று பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும்: ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு, ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், 64 ஜிபி டிடிஆர்5 ரேம். முதல் இரண்டும் யார் விற்கும் பெட்டிக்குள் இருந்தாலும் அதே சிப்புகள்தான். விற்பவரின் திறமையும் நேர்மையும் தெரிவது பவர் சப்ளை, மதர்போர்டு, கூலர், கேபினெட், ஃபேன் ஆகியவற்றில். ஆனால் விளம்பரத்தில் இவற்றுக்குக் கிடைப்பது "1000 வாட் கோல்டு", "லிக்விட் கூலிங்" என்ற ஒற்றை வரி. ஒரே சிப்புகள் கொண்ட இரண்டு பிசிகளில் ஒன்று அமைதியாகவும் சீராகவும் ஓட, மற்றொன்று இரைச்சலோடு திணறுவதற்கான காரணம் அந்த ஒற்றை வரிக்குள் இருக்கிறது. எடைபோட வேண்டியதும் அதைத்தான்.

காற்றின் கணக்கு

5090 கார்டின் மின்வரம்பு 575 வாட். 4கே தெளிவில் கனமான கேம் ஓடும்போது அது அந்த வரம்பை ஒட்டியே நிற்கும். பிராசசர், மதர்போர்டு, ரேம், ஃபேன், பம்ப் எல்லாம் சேர்த்துப் பெட்டிக்குள் மொத்தம் சுமார் 700 வாட். இது முழுக்க வெப்பமாகத்தான் மாறும். அதை வெளியேற்றக் காற்றைத் தவிர வேறு வழியில்லை. லிக்விட் கூலர் கூட வெப்பத்தை ரேடியேட்டர்வரை கொண்டுபோய்க் காற்றிடம் ஒப்படைப்பதோடு சரி.

ஒரு கிலோ காற்று ஒரு டிகிரி சூடேற சுமார் 1,005 ஜூல் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. உள்ளே போகும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டும் என்றால், 700 வாட்டுக்கு நொடிக்கு 58 லிட்டர் காற்று பெட்டியைக் கடந்துபோக வேண்டும். தடையில்லாத வெளியில் ஒரு நல்ல 120 மிமீ ஃபேன் நொடிக்கு 25 முதல் 30 லிட்டர் தள்ளும். முன்னால் கண்ணாடிப் பலகை, அதன் ஓரத்தில் விரல் அகலப் பிளவு, பின்னால் தூசி வடிகட்டி என்று அடைத்துவிட்டால் அது பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது அதே காற்று 20 டிகிரி சூடாகித்தான் வெளியேறும். கார்டின் ஃபேன்கள் அந்தச் சூட்டையே திரும்ப உறிஞ்சும். வண்ண விளக்கு எரியும் எட்டு ஃபேன்கள் இருப்பதில் பெருமையில்லை. எத்தனை உள்ளிழுக்கின்றன, எத்தனை வெளித்தள்ளுகின்றன, காற்று நுழையும் இடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. பக்கப் பலகையை மூடி, கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருளில் கார்டின் வெப்பநிலையையும் ஃபேன் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேமை நிறுத்தாமல் பலகையைக் கழற்றிவிட்டு இன்னும் பத்து நிமிடம் பாருங்கள். இறக்கம் 2, 3 டிகிரிக்குள் இருந்தால் கேபினெட் நன்றாகவே மூச்சுவிடுகிறது. 8, 10 டிகிரி இறங்கினால், அல்லது வெப்பநிலை அப்படியே இருந்து ஃபேன் வேகம் சட்டென்று குறைந்தால், அந்தப் பெட்டி கார்டை மூச்சுமுட்ட வைக்கிறது என்று அர்த்தம். இந்தக் குறையைப் பின்னால் சரிசெய்வது கடினம். பல ரெடிமேட் பிசிகளை நிராகரிக்க இந்த ஒரு சோதனையே போதும்.

அரை மணி நேரம் எதற்கு? லிக்விட் கூலருக்குள் இருக்கும் நீர்மம் மெல்லத்தான் சூடேறும், அண்டாத் தண்ணீர்போல. முதல் ஐந்து நிமிடத்தில் பிராசசரின் வெப்பநிலை அருமையாகத் தெரியும்; நீர்மம் நிலையான சூட்டை எட்டிய பிறகுதான் உண்மை வெளிவரும். ஐந்து நிமிட பெஞ்ச்மார்க் எண்களை வைத்துக் கூலரைப் பாராட்டும் விமர்சனங்களை நம்ப வேண்டாம்.

வெப்பம் வரம்பைத் தொடும்வரை கார்டு முழு வேகத்தில் ஓடும் என்பதும் சரியல்ல. சூடு ஏற ஏற என்விடியா கார்டுகள் கடிகார வேகத்தைச் சிறு சிறு படிகளாகக் குறைத்துக்கொண்டே வரும். 60 டிகிரியில் ஓடும் கார்டுக்கும் 80 டிகிரியில் ஓடும் கார்டுக்கும் பெயர் ஒன்று, வேகம் ஒன்றல்ல.

ரேடியேட்டர் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 5090 உள்ள பெட்டியில் மேல்பக்கம் வைத்து வெளியே தள்ளுவதே எங்கள் பரிந்துரை. பிராசசர் சில டிகிரி கூடுதலாகச் சூடேறும், ஆனால் வெப்பத்தின் பெரும்பங்கை உண்டாக்கும் கார்டுக்கு முன்பக்கத்திலிருந்து புதுக்காற்று கிடைக்கும். முன்பக்கம் பொருத்தியிருந்தால், ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழிகள் உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த உயரமான இடமே பம்பாக இருந்தால் கரகரவென்று சத்தம் வரும், ஆயுளும் குறையும்.

50 ஆம்பியர் ஓடும் சிறு கனெக்டர்

பிசி வந்து இறங்கியதும் பிளக்கைச் செருகாதீர்கள். முதலில் பக்கப் பலகையைத் திறங்கள். பயணத்தில் கார்டு ஆடாமலிருக்க உள்ளே நுரைப் பை வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் இயக்கினால் ஃபேன் சுற்றாது. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டு ஒரு பக்கம் தொங்குகிறதா, அடியில் முட்டுக்கொடுக்கும் தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதங்கள் தொங்கினால் ஸ்லாட்டின் கொக்கி அருகே சர்க்யூட் பலகையில் விரிசல் விழக்கூடும்.

அடுத்தது கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 16 முள் கனெக்டர். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 48 ஆம்பியர். இதை ஆறு முட்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றுக்கு 8 ஆம்பியர். ஒரு முள்ளின் வரம்பு சுமார் 9.5 ஆம்பியர். முந்தைய 8 முள் கனெக்டரில் 150 வாட்டை மூன்று முட்கள் பகிர்ந்தன. ஒன்றுக்கு நான்கு ஆம்பியர் சொச்சம்தான். அதாவது பழையதில் இருந்த தாராளமான இடைவெளி புதியதில் இல்லை. கனெக்டர் முழுதாக உட்காராமல் இரண்டு முட்கள் தொடர்பை இழந்தால், மீதி நான்கும் ஆளுக்கு 12 ஆம்பியர் சுமக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், ஒவ்வொரு முள்ளிலும் சூடு இரண்டேகால் மடங்காகும். பெரும்பாலான கார்டுகளில் ஆறு முட்களும் உள்ளே ஒன்றாக இணைந்துவிடுவதால், எந்த முள்ளில் எவ்வளவு ஓடுகிறது என்று கார்டுக்கே தெரியாது. 2022 அக்டோபரில் முந்தைய தலைமுறை ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்த சில வாரங்களிலேயே கனெக்டர்கள் உருகத் தொடங்கியதன் பின்னணி இதுதான். திருத்தப்பட்ட 12வி-2×6 வடிவத்தில், பிளக் பொருந்தியதைக் கார்டுக்குச் சொல்லும் உணர்வு முட்களைக் குட்டையாக்கினார்கள். பிளக் அரைகுறையாக உட்கார்ந்தால் கார்டு இயங்காது. ஆனால் மின்முட்கள் சுமக்கும் ஆம்பியர் குறையவில்லை.

ஆகவே கையால் அழுத்திப் பாருங்கள். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே இடுக்கு தெரியக்கூடாது. கேபிள் பிளக்கிலிருந்து குறைந்தது 35 மிமீ நேராக வந்த பிறகே வளைய வேண்டும். பக்கக் கண்ணாடி கேபிளை நெருக்கினால் அந்தக் கேபினெட் அந்தக் கார்டுக்குப் போதாது. பவர் சப்ளையிலிருந்து நேரடியாக வரும் ஒற்றைக் கேபிள் நல்லது. நான்கு 8 முள் கேபிள்களை ஒன்றாக்கும் அடாப்டர் அதற்கு அடுத்ததுதான்.

பவர் சப்ளையின் வாட் எண் மட்டும் எதையும் சொல்லாது. 5090க்கு என்விடியா கேட்பது குறைந்தது 1000 வாட். கார்டு சில மைக்ரோநொடிகளுக்குத் தன் வரம்பை வெகுவாகத் தாண்டி இழுக்கும். ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தரநிலைகளுக்கு ஏற்ப அமைந்த பவர் சப்ளை, தன் அளவின் இரு மடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்கியாக வேண்டும். பழைய வடிவமைப்பு அதை ஷார்ட் சர்க்யூட் என்று எண்ணி அணைந்துவிடும். கேமின் நடுவே பிசி திடீரென்று செத்துப்போவதற்கு இது பழக்கமான காரணம். "கோல்டு" என்பது மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்லும் முத்திரை. பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி அது பேசுவதில்லை. விற்பவரிடம் தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ரேமில் தொலையும் வேகம்

6000 வேகம் என்று விற்கப்படும் ரேம், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை இயக்கினால்தான் 6000இல் ஓடும். அதைச் செய்யாமலே அனுப்பப்படும் பிசிகள் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரிந்துவிடும். டிடிஆர்5-6000 சிஎல்30 (பதில் தர 30 கடிகாரத் துடிப்பு எடுக்கும்) ரேமின் முதல் பதில் 10 நானோநொடியில் வரும். 4800 சிஎல்40 ரேமில் 16.7 நானோநொடி. எக்ஸ்3டி பிராசசரின் 96 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இந்த வித்தியாசத்தை ஓரளவு மறைக்கும். இன்டெல் பிராசசரில் நேராக உறைக்கும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். நான்கு குச்சிகள் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் 9800எக்ஸ்3டிக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு குச்சிகளுக்கு 5600, நான்குக்கு 3600தான். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி குச்சிகள் இரண்டு. எக்ஸ்போ இயக்கிய பிறகு ஓரிரவு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஏற்கத்தக்கதல்ல.

ஜிபியு-இசட் மென்பொருளில் மேலும் இரண்டு விஷயங்கள். ஆர்ஓபி (படத்தின் புள்ளிகளை இறுதியாக எழுதும் அலகு) எண்ணிக்கை 5090இல் 176 இருக்க வேண்டும். தொடக்கத்தில் வெளிவந்த சில கார்டுகளில் எட்டு குறைந்து 168 மட்டுமே இருந்ததை 2025 பிப்ரவரியில் என்விடியாவே ஒப்புக்கொண்டது; இது மாற்றித்தர வேண்டிய உற்பத்திக் குறை. இரண்டாவது, கார்டு ×16 இணைப்பில் ஓடுகிறதா என்பது. சில மதர்போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 துளையில் எஸ்எஸ்டியைச் செருகினால் கார்டின் பாதைகள் எட்டாகக் குறைந்துவிடும். எஸ்எஸ்டியை வேறு துளைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை பிராசசர் உள்ள பிசி கிடங்கிலிருந்து வருகிறதென்றால், 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைத் தொகுப்பு) கொண்ட பயாஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தையவற்றில் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போய்ப் பிராசசர் மெல்ல மெல்லக் கெடும். கெட்டதை எந்த அப்டேட்டும் மீட்காது.

சராசரி மறைக்கும் திணறல்

நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற சராசரியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நூறு ஃப்ரேம்களில் 95 ஃப்ரேம்கள் 7 மில்லிநொடியிலும் 5 ஃப்ரேம்கள் 40 மில்லிநொடியிலும் வந்தால், சராசரி 115 என்று திரையில் மின்னும். கண்ணுக்கோ, ஒவ்வொரு நொடியும் ஐந்தாறு முறை வெட்டுவது தெரியும். கேப்ஃப்ரேம்எக்ஸ் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தையும் பதிந்து, மிக மெதுவான ஒரு சதவீதத்தைத் தனியே பாருங்கள். இதே சிப்புகளுக்கு வெளிவந்துள்ள விமர்சன எண்களோடு ஒப்பிட்டால், சராசரி ஒத்துப்போய் இந்த ஒரு சதவீதம் மட்டும் விழுந்திருப்பது ரேம் அமைப்பையோ, விற்பவர் திணித்த பின்னணி மென்பொருள்களையோ காட்டிக்கொடுக்கும்.

ஒப்பிடும்போது ஒரு திருத்தம் தேவை. வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் அளந்தவை. மே மாத மதுரையில் ஏசி இல்லாத அறை 34 டிகிரி. கூலிங் தருவது அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்ற கணக்கைத்தான். விமர்சனத்தில் 75 காட்டிய கார்டு இங்கே 87ஐ நெருங்கும், 5090இன் உச்சவரம்பு 90. அதற்குள் அடக்க ஃபேன்கள் முழு வேகத்தில் அலறும். ஏசி அறையிலும் கணக்கு உண்டு: 1 டன் ஏசி நீக்கும் வெப்பம் 3.5 கிலோவாட், மானிட்டரோடு சேர்த்து இந்த பிசி அதில் கால்பங்கை விழுங்கிவிடும். வீட்டு யுபிஎஸ் 600 விஏ என்றால் மின்வெட்டில் ஒரு நொடிகூடத் தாங்காது. 1500 விஏ என்று எழுதியிருக்கும் பலவும் உண்மையில் 900 வாட்தான் தரும் என்பதால், வாட் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரேம் அமைப்பு, ஃபேன் வேகம், பயாஸ், எஸ்எஸ்டி துளை, தேவையற்ற மென்பொருள் இவை வீட்டிலேயே ஒரு மாலையில் சரியாகும். மூச்சுமுட்டும் கேபினெட், பெயரில்லாத பவர் சப்ளை, ஆர்ஓபி குறைந்த கார்டு, ரேம் பிழை இவற்றுக்காகத் திருப்பி அனுப்புவதே சரி. அந்த நிறுவனத்துக்கென்றே வெட்டிய வடிவில் மதர்போர்டும் பவர் சப்ளையும் இருந்தாலும் அப்படியே. வாரண்டி முடிந்தபின் கடையில் கிடைக்கும் மாற்று மதர்போர்டோ பவர் சப்ளையோ அதில் பொருந்தாது. திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப் பெட்டியையும் உள்ளே வந்த நுரைப் பையையும் பத்திரப்படுத்துங்கள். அனுப்பும்போது கார்டைக் கழற்றித் தனியே பொதிய வேண்டுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, மூடும் முன் உள்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டால், வழியில் ஸ்லாட் உடைந்தாலும் பழி உங்கள்மேல் விழாது.