உஜ்வாலா கேஸ்: மனு எங்கே மாட்டிக்கொள்கிறது?

விறகடுப்பு முன்னால் குனிந்து ஊதுகிறவர் இழுக்கும் மூச்சு, லாரி ஓடும் ரோட்டோரக் காற்றைவிட மோசம். நாள்பட்ட மூச்சடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா என எல்லாவற்றிலும் இந்தப் புகைக்குப் பங்கு உண்டு. வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏழைக் குடும்பத்துப் பெண் பெயரில் டெபாசிட் இல்லாமல் கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம், 2016 மே 1-ல் தொடங்கியது. இப்போது முதல் சிலிண்டரும் அடுப்பும்கூட இலவசம். விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் ரேஷன் கார்டில்தான் அடிபடுகின்றன. குடும்பத்தில் வேறு கேஸ் இணைப்பு இருக்கக் கூடாது என்பது விதி. குடும்பம் எது என்பதைக் கார்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். தனி உலை வைத்துப் பத்து வருஷம் ஆனதெல்லாம் கணக்கில் வராது. உங்கள் பெயர் மாமியார் கார்டில் இருந்து, அவர் பெயரில் சிலிண்டரும் இருந்தால் மனு தள்ளுபடி. அந்த இணைப்பு 2007-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச கேஸ் திட்டத்தில் வந்ததாக இருந்தாலும் இணைப்பு இணைப்புதான். ஆகவே முதலில் பழைய கார்டில் பெயர் நீக்கம், பிறகு புதுக் கார்டு, அது கைக்கு வந்த பிறகே கேஸ் மனு. அவசரப்பட்டு மாற்றிச் செய்தால் இரண்டு ஆபீஸுக்கும் இரண்டு தடவை அலைச்சல்.

பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்களுக்கு ரேஷன் கார்டும் முகவரிச் சான்றும் கட்டாயமில்லை. குடும்ப விவரம், முகவரி இரண்டுக்கும் சுய உறுதிமொழிப் படிவம் போதும். கவுன்டரில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

“உங்க ஆதார்ல ஏற்கெனவே கனெக்‌ஷன் இருக்கு” என்று திருப்பி அனுப்பினால் அப்படியே வந்துவிடாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த ஏஜென்சி, என்ன நுகர்வோர் எண் என்று எழுதி வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பழைய இணைப்பை ரத்து செய்யவோ மாற்றவோ முடியாது. இறந்துபோனவர் பெயரில் இருக்கும் இணைப்பு என்றால், இறப்புச் சான்றிதழோடு வாரிசு பெயருக்கு மாற்றுவதே சுருக்கு வழி.

அடுத்தது மானியம். முழு விலையைக் கையிலிருந்து கொடுத்துத்தான் சிலிண்டர் வாங்க வேண்டும், 2025-26 விதிப்படி 14.2 கிலோவுக்கு 300 ரூபாய் பிறகு வங்கிக்கு வரும். அதுவும் ஆண்டுக்கு 9 சிலிண்டர் வரைதான். “ஆதார் லிங்க் ஆயிடுச்சு” என்று வங்கியில் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கைச் சேர்த்தீர்களோ அங்கேதான் பணம் போகும். நூறு நாள் வேலைக்கு ஒன்று, சுயஉதவிக்குழுவுக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பணம் வந்ததே தெரியாமல், எடுக்காத கணக்கில் கிடக்கும். மைஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும்.

இ-கேஒய்சி, அதாவது இணைப்பு உங்களுடையதுதான் என்று ஆதாரை வைத்துச் சரிபார்ப்பது, இன்னொரு இழுவை. உஜ்வாலா இணைப்புக்கு நிதியாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். விட்டால் மானியம் தடைபடும். செங்கல், சிமென்ட் வேலை செய்து ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. நாலு நாள் வரச் சொல்வார்கள். கேஸ் கம்பெனியின் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். எங்கே செய்தாலும் கட்டணம் கிடையாது.

இலவச இணைப்பில் ரெகுலேட்டர், ரப்பர் டியூப், நுகர்வோர் புத்தகம், பொருத்தும் கூலி எல்லாம் அடக்கம். “அடுப்பு எங்ககிட்டதான் வாங்கணும்” என்று கேட்கும் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு எந்த விதியும் இல்லை. சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது பில்லைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாசல் வரை கொண்டுவரும் கூலியும் அந்தத் தொகைக்குள்தான். பில் கேட்டதும் பல இடங்களில் “கூட ஐம்பது ரூபாய் கொடுங்க” என்ற பேச்சு நின்றுவிடும்.

தினக்கூலிக் குடும்பம் என்றால் 5 கிலோ சிலிண்டர் இரண்டு கேளுங்கள். திட்டத்திலேயே இருக்கிறது, மானியமும் எடைக்கேற்ப உண்டு. பெரிய சிலிண்டருக்கு மொத்தமாகப் பணம் புரட்ட முடியாமல்தான் பலர் பாதி மாதம் மறுபடி விறகுக்குப் போகிறார்கள். சோறு கேஸில், குழம்பும் வெந்நீரும் விறகில் என்றால் புகை அப்படியேதான் இருக்கும்.

மனு இழுத்தடிக்கப்பட்டால் 1800-266-6696, இது உஜ்வாலாவுக்கான இலவச எண். அதிலும் நகரவில்லையா, மாவட்டத்தில் நடக்கும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்; எண்ணெய் கம்பெனி ஆட்களும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல் இரண்டு பிரதி எழுதிப்போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள்.