சுவர் முழுக்க அடித்த பிறகு கூப்பிடாதீர்கள்

நேற்றும் ஓர் அழைப்பு. "வெளிர் சாம்பல் பெயின்ட்தான் கேட்டோம், சுவர் ஊதாவாகத் தெரிகிறது. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?" போய்ப் பார்த்தேன். நிற அட்டையில் இருந்த எண்தான் டப்பாவிலும் இருந்தது. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அதே நிற அட்டையின் பக்கத்தில் வைத்தேன். அட்டையிலேயே ஊதா தெரிந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு.

கருப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல், அதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடை மெஷினில் சாம்பல் கலக்கும்போது பெரும்பாலும் கருப்போடு மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று வேறு டின்ட்டுகளும், அதாவது நிறச் சாயங்களும், விழும். சில சொட்டுதான், ஆனால் சுவர் முழுக்கப் பரவும்போது அந்தச் சாயல்தான் கண்ணில் நிற்கும்.

ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற பெயின்ட் கம்பெனியின் நிறங்களில் அக்ரீயபிள் கிரே, ரிப்போஸ் கிரே இரண்டையும் பாருங்கள். ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கான எல்.ஆர்.வி. எண் முதலாவதற்கு 60, இரண்டாவதற்கு 58. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலாவது பழுப்புப் பக்கம் சாயும், இரண்டாவது குளிர்ச்சியாகத் தெரியும். எல்.ஆர்.வி. வெளிச்ச அளவைச் சொல்லும், சாயலைச் சொல்லாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எண்ணைக் காட்டியே வாதம் செய்கிறார்கள்.

அப்புறம் பல்பு. அதன் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். 2700 கெல்வின் பல்பில் மஞ்சள் ஏறும், 6500 கெல்வினில் நீலம் ஏறும். பல்பை முதலில் முடிவு செய்யுங்கள், பெயின்ட்டைப் பிறகு.

போன் திரையில் பார்த்து நிறம் தேர்வு செய்யவே செய்யாதீர்கள். ஒரு வெள்ளைப் பலகையில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பழைய நிறச் சுவரில் நேரடியாகத் திட்டுத் திட்டாக அடித்தும் பார்க்காதீர்கள், பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பலகையைப் படுக்க வைக்காமல், ஒவ்வொரு சுவரிலும் நிமிர்த்தி வைத்து, காலையிலும் மதியத்திலும் விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள். தரை டைல்ஸுக்கும் சோபாவுக்கும் பக்கத்திலும் வையுங்கள். தயவுசெய்து, இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றைய வீட்டில் 6500 பல்பைக் கழற்றி 3000 மாட்டினோம். இரவில் ஊதா பாதி அடங்கிவிட்டது. பகலுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். ஹாலை மறுபடி அடிக்கத்தான் வேண்டும். இரண்டு பலகைகளை அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.