லேப்டாப்புக்கும் இயர்போனுக்கும் நடுவில் ஓர் ஆம்ப்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஹெட்போன் ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கித் தரும் சிறு கருவி) தேடும் பலரும் முதலில் பார்ப்பது அது தரும் மின்திறனை, அதாவது மில்லிவாட் கணக்கைத்தான். இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்குக் காட்டும் தடை, 300 ஓம் உள்ள பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர் அதைப் பார்க்கட்டும். காதுக்குள் செருகும் இயர்போனுக்கு அந்த எண்ணால் பெரும்பாலும் பயனில்லை; சில நேரம் கெடுதலும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்று போட்டிருக்கும் இயர்போன் 110 டெசிபல் உச்சத்தைத் தொட 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல் போதும். மின்னழுத்தத்தில் இது கால் வோல்ட்டுக்கும் குறைவு. சாதாரண லேப்டாப் ஜாக்கே இதைத் தந்துவிடும். 300 ஓம், 97 டெசிபல் ஹெட்போனுக்கோ அதே உச்சத்துக்கு 20 மில்லிவாட், அதாவது ஏறக்குறைய இரண்டரை வோல்ட் வேண்டும். பல லேப்டாப்கள் திணறுவது அங்கேதான். இந்த டெசிபல் எண்ணை, அதாவது சென்சிட்டிவிட்டியை, சில நிறுவனங்கள் மில்லிவாட்டுக்குச் சொல்கின்றன, சில வோல்ட்டுக்குச் சொல்கின்றன. 16 ஓமில் இந்த இரண்டுக்கும் 18 டெசிபல் வித்தியாசம். அலகைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

சத்தம் போதுமென்றால் லேப்டாப் ஜாக்கில் என்ன குறை? இரைச்சலும், ஜாக்கின் சொந்தத் தடையான அவுட்புட் இம்பீடன்ஸும்தான்.

இரைச்சலைச் சோதிக்க அமைதியான அறை போதும். பாட்டை நிறுத்திவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள். சில லேப்டாப்கள் ஒலி இல்லாதபோது ஆடியோ பகுதியை அணைத்துவிடும். அதனால் வெறும் மௌனம் பதிவான ஒரு ஃபைலை ஓடவிட்டுக் கேட்பது நல்லது. 'ஸ்ஸ்' என்று தொடர்ந்து கேட்கிறதா? மவுஸை நகர்த்தும்போது கிறீச்சிடுகிறதா? சார்ஜரைப் பிடுங்கினால் ரீங்காரம் நிற்கிறதா? எதுவுமே கேட்கவில்லை, ஒலியளவும் பாதியிலேயே போதுகிறது என்றால் வாங்காமலே விட்டுவிடலாம்.

இரைச்சல் இருந்தால், 3.5 மி.மீ. கேபிளில் லேப்டாப் ஜாக்கோடு இணைக்கும் வெறும் அனலாக் ஆம்ப் உதவாது. லேப்டாப்பின் இரைச்சலையும் சேர்த்தே அது பெரிதாக்கும். இங்கே தேவை யூஎஸ்பி வழியாக டிஜிட்டல் சிக்னலை வாங்கி, தானே ஒலி சிக்னலாக மாற்றித் தரும் டேக் (DAC) சேர்ந்த ஆம்ப். விரல் நீள டாங்கிளே பெரும்பாலான இயர்போன்களுக்குப் போதும். அதன் விவரக்குறிப்பில் இரைச்சல் அளவு மைக்ரோவோல்ட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் இயர்போனில் 5 மைக்ரோவோல்ட் இரைச்சல் சுமார் 22 டெசிபலாகக் கேட்கும். காதை அடைத்து உட்காரும் இயர்போனில் இது உறுத்தும். 1 மைக்ரோவோல்ட் என்றால் சுமார் 8 டெசிபல்தான்.

அவுட்புட் இம்பீடன்ஸைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. பல டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி) உள்ள பேலன்ஸ்டு ஆர்மச்சர் வகை இயர்போன்களின் இம்பீடன்ஸ் ஒலியின் அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும். ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் உள்ள ஜாக்கில் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 5 டெசிபல் வித்தியாசம் விழும். பாஸ் மெலிந்தோ உயர் ஒலிகள் கூர்மையாகவோ கேட்டால் இயர்போனைத்தான் திட்டுவோம். 1 ஓம் ஜாக்கில் அதே வித்தியாசம் 1 டெசிபலுக்குள் அடங்கும். அவுட்புட் இம்பீடன்ஸ், இயர்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வழக்கம். இயர்போனுக்கு 1 ஓமோ அதற்குக் கீழோ தேடுங்கள். ஒரே டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர் போன்றது) உள்ளவற்றில் இம்பீடன்ஸ் பெரும்பாலும் சமமாக இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

கெய்ன் (எத்தனை மடங்கு பெருக்குவது) சுவிட்ச் இருந்தால் 'லோ'வில் வையுங்கள். 'ஹை'யில் இரைச்சலும் கூடும், வால்யூம் திருகு லேசாக அசைந்தாலே சத்தம் பாயும். அனலாக் திருகில் ஆரம்பப் பகுதியில் இடது வலது காதுகளின் ஒலி சமமாக வராமலும் போகலாம்.

இடது, வலது பக்கங்களுக்குத் தனித்தனி நெகட்டிவ் முனை உள்ள 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக் இயர்போனுக்கு அவசியமில்லை. அதில் அடாப்டர் போட்டு 3.5 மி.மீ. பிளக்கைச் செருகவே கூடாது: இரு பக்க நெகட்டிவ் முனைகளும் ஷார்ட் ஆகி ஆம்ப் கெடலாம். மீட்டிங்குக்கும் இதே இயர்போன்தான் என்றால் மைக் வேலை செய்யுமா என்று முன்பே பாருங்கள். பல ஆம்ப்களில் செய்யாது. பேட்டரி உள்ளதை நாள் முழுக்க யூஎஸ்பியில் மாட்டியே வைத்தால் பேட்டரி சீக்கிரம் தேயலாம், உப்பவும் கூடும். மேசையோடு இருப்பவருக்குப் பேட்டரி இல்லாததே மேல்.

செவிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் பெரியவர்களுக்கு வரம்பு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் சராசரி என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வெளிச்சத்தத்தை அமுக்க ஒலியைக் கூட்டுகிறீர்கள் என்றால் அதற்கு ஆம்ப் தீர்வல்ல. காதுக்குச் சரியாகப் பொருந்தும் டிப்பை மாற்றிப் பாருங்கள். புது டாங்கிளைச் செருகும்போது சிஸ்டம் ஒலியளவு 100-க்குத் தாவுவதும் உண்டு. அதைக் குறைத்துப் பாட்டை ஓடவிட்ட பிறகே இயர்போனைக் காதில் வையுங்கள்.